செத்த ஹைப்போ

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. ஆகவே ஹைப்போவை ஜெபத்தால் அளந்தேன்.

பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் ரோட்டோரம் என் கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னால் ஸ்டுடியோ. பின்னால் வீடு. நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. படம் எடுப்பது அவர், கழுவி எடுப்பது நான். அவருக்கு இளைப்பு உண்டு. மருந்து நெடியில் நின்றால் மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருக்குப் பதிலாக உள்ளே போனேன். பிறகு அந்த அறை என்னுடையதாகிவிட்டது.

அறையில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு விளக்கு. ஒரு பலகை. அதன்மேல் இரண்டு தட்டு. முதல் தட்டில் முகம் வரும். இரண்டாம் தட்டில் ஹைப்போ இருக்கும். வந்த முகத்தை நிறுத்துவது ஹைப்போவின் வேலை. அது சரியாக நிறுத்தாவிட்டால் படம் வெளியே போனபிறகும் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுத்துக்கொண்டே இருக்கும்.

ஹைப்போ பார்ப்பதற்குக் கற்கண்டு மாதிரி. தண்ணீரில் போட்டதும் தண்ணீர் சட்டென்று குளிரும். சட்டியின் வெளிப்பக்கம் வியர்க்கும். கை மரத்துப்போகும்.

நல்ல ஹைப்போவும் செத்த ஹைப்போவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வெறும் தண்ணீர். ஆகவே பிலிம் சுருளின் நுனியில் வெட்டுகிற துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பேன். அவை பால் போல வெளுத்திருக்கும். ஒரு துண்டை ஹைப்போவில் போட்டுப் பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்வேன். புது ஹைப்போ என்றால் ஆமென் சொல்வதற்குள் பால் விலகித் துண்டு கண்ணாடியாகிவிடும். இரண்டாம் ஜெபத்துக்குள் போனால் முடிவு வருகிறது. மூன்றாவது ஜெபம் தொடங்க வேண்டியிருந்தால் கொட்டிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சங்கு முத்திரை அடித்த பழைய செம்புக் காசு ஒன்றை நூலில் கட்டி வைத்திருந்தேன். படங்களிலிருந்து கழன்ற வெள்ளி முழுவதும் ஹைப்போவிலேதான் தங்கும். அது மிகுந்துவிட்டால், காசை முக்கி எடுக்கும்போது செம்பின்மேல் வெள்ளை ஏறியிருக்கும். அப்படி ஏறிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். "செத்துப்போச்சு."

செத்தவர்களைப் படம் எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் சபைக்காரர்கள் பிணத்தைப் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பலருக்கு வாழ்க்கையில் அந்த ஒரே படம்தான். பிறகு வந்து கேட்பார்கள். "அப்பனுக்கு கண்ணு தொறந்து தரணும்." என் கணவர் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, வெள்ளைச் சாயத்தையும் கறுப்புச் சாயத்தையும் தண்ணீரில் குழைத்து, மூடிய இமையின்மேல் கண் வரைவார். வீட்டுக்காரர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

எங்களுக்கு அடுத்த கடையில் ஒரு தையல்காரர் இருந்தார். ஸ்டுடியோவில் எல்லோரும் போட்டுக்கொண்டு படம் எடுக்கிற கறுப்புக் கோட்டு அவர் தைத்ததுதான். கடைக்குப் பின்னால் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் எனக்கு இளையவள். பொத்தான் துளை எடுப்பது அவள். பிள்ளை இல்லை. அவர்கள் விளக்கு வைத்துக் கும்பிடுகிறவர்கள். நாங்கள் சபைக்காரர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு.

தையல் மெஷினை அவர் எங்கள் முன்வாசலைப் பார்க்கப் போட்டிருந்தார். பகல் முழுக்க அவரும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வாய் ஓயாது.

"வோய், ஒரு படம் எடுக்கட்டா? காசு வேண்டாம்."

"என் மூஞ்சிய கண்டா ஒம்ம பெட்டி ஒடஞ்சு போவும்."

"ஒடஞ்சா ஒடையட்டு. ஒம்ம பெண்டாட்டிக்கு ஒரு படம் கெடைக்குமே."

"அவளுக்கு எதுக்கு படம்? நேர்ல கண்டே சடஞ்சு போயிருக்கா."

கடைசிவரை எடுக்கவில்லை. பக்கத்திலேதானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்த காலம் அது. இந்தப் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள். கூடாது என்று எதிரில் வேறு ஊர்வலம் வரும். ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. தையல்காரர் கொடி தைத்தார். முதலில் கூலிக்குத் தைத்தார். பிறகு கூலி வாங்காமல் தைத்தார். ஒருநாள் தைத்த கொடிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெற்கே கூட்டத்துக்குப் புறப்பட்டார்.

"வாறேன்" என்றார் என் கணவரிடம்.

"கொடிய குடுத்துட்டு வாரும். கோஷம் போடப் போவாதேயும். ஒம்ம தொண்டைக்கு அது ஒக்காது."

தெற்கே போலீஸ் சுட்டது. அவர் திரும்பி வரவில்லை.

சிலர் அவரைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். சிலர் அம்பூரி மலைப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறார் என்றார்கள். அவரைக் கண்டதாகச் சொன்னவர்களிடம் போய்க் கேட்டால், கண்டவர் இன்னொருவர் என்பார்கள். அவர் மனைவி மெஷினில் இருந்த துணியை எடுக்கவில்லை. ஊசி பாதித் தையலில் குத்தி நின்றது. காலையில் குளித்துக் குங்குமம் வைத்துக்கொள்வாள். முன்பு சிறிதாக வைப்பாள். அவர் போனபிறகு பெரிதாக வைத்தாள்.

பஸ் ஓடவில்லை. ரோட்டில் கல்லும் மரமும் போட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற எங்கள் ஹைப்போ பார்சலும் வரவில்லை. இருந்ததை வைத்து ஓட்டினேன். ஒரு ஜெபம் இரண்டாயிற்று. படம் எடுக்க ஆள் வராததால் அது போதும் என்றிருந்தேன்.

அப்போது நெய்யாற்றில் தாழம்புதரில் ஒரு பிணம் ஒதுங்கியது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து என் கணவரைக் கேமராவோடு கூட்டிப்போனார். பிணத்தைக் கதவுப் பலகையில் சாய்த்து வைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணி மூடி, முகத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்ததும் ஆற்றங்கரைப் புறம்போக்கிலேயே புதைத்துவிட்டார்கள். வைத்திருக்க முடியாத நிலை. இடுப்பில் ஒரு துண்டு முண்டு தவிர உடம்பில் துணி இல்லை. சட்டை இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி தையலைப் பார்த்தே சொல்லியிருப்பாள்.

என் கணவர் வந்து கிணற்றடியில் குளித்தார். சோறு வேண்டாம் என்றார்.

"தையல்காரரா?" என்று கேட்டேன்.

"ஆருக்கு தெரியும். வீங்கிப்போய் இரிக்கு. பெத்த தள்ளைக்கே தெரியாது."

படம் பதிந்த கண்ணாடி பிளேட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் துண்டைப் போட்டேன். ஜெபம் சொன்னேன். இரண்டாவதும் சொன்னேன். துண்டு பாலாகவே கிடந்தது. மூன்றாவது சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. வழக்கமாக மனதில்தான் சொல்வேன். காசை முக்கினேன். வெள்ளைக் காசாக வந்தது.

வெளியே வந்தேன். "செத்துப்போச்சு. இதுல போட்டா நிக்காது."

போலீஸ்காரர் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். மலையாளத்துக்காரர், வயதானவர், நல்ல மனிதர். "நிக்காட்டி என்னா? ஆளெ அறியுந்ந வரெ மதி" என்றார். ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும் வரை நின்றால் போதுமாம்.

என் கணவர் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த ஹைப்போத் தூளைச் சுரண்டி எடுத்துவந்தார். "இத அதுல போடு."

"செத்ததுல போட்டா இதுவும் சாவும்."

"போடு ஏட்டி."

போட்டேன். பிளேட் வெகுநேரம் கழித்துத் தெளிந்தது. அதில் முகம் கரியாகவும், முடி வெள்ளையாகவும், கண் இருந்த இடம் இரண்டு வெள்ளைக் கீற்றாகவும் இருந்தது. பிளேட்டில் எல்லா முகமும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் அதைத் திருப்பி வைத்தேன். பிறகு அதிலிருந்து காகிதத்தில் சில படங்கள் போட்டுக் கொடுத்தேன்.

போலீஸ்காரர் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கண்ணு துறந்நிருந்நால் ஆளுகள்க்கு அறியாமாயிருந்நு."

கண் திறந்திருந்தால் யாராவது அடையாளம் சொல்வார்கள் என்றுதான் சொன்னார். என் கணவர் சாயத்தைக் குழைத்தார். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தார். பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்கினார். பழகின கை. பீடி புகைத்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, வீங்கிய இமைமேல் இரண்டு கண் திறந்தது.

அதைக் கையில் வாங்கிய போலீஸ்காரர் உடனே கீழே வைத்துவிட்டார். "அய்யோ, இது வேண்டா. ஜீவனுள்ள போலெ." மற்ற படங்களையும் பிளேட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

போகிற வழியில் அடுத்த வீட்டில் காட்டினார். நான் வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தேன். படம் அவள் கைக்கு வரும் முன்பே அவள் சொன்னாள்.

"இது அவரு இல்ல."

"நல்லா பாரு மகளே" என்றார் அவர் தமிழில்.

"பாத்தாச்சு."

அவள் பார்க்கவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கண் வரைந்த படம் எங்களிடம் தங்கியது. என் கணவர் அதைக் கிழிக்கவில்லை. "கண்ணு தொறந்து பாத்துக்கிட்டு இரிக்கவன எப்படி கிழிக்க?" என்றார். முன்னறை ஜன்னலை ஒட்டிப் படம் காயப் போடுகிற கயிறு உண்டு. அதில் மாட்டினார். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பெருக்கும்போது அந்தப் பக்கம் குனிந்தே போவேன்.

முதலில் வெள்ளைத் துணி நிறம் மாறியது. பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறம். பிறகு கன்னம் கறுத்தது. வீக்கம் கறுப்புக்குள் போய்விட்டது. உதடு போய்விட்டது. நெற்றியும் மூக்குத்தண்டும் மிஞ்சின. கண் மட்டும் கறுக்கவில்லை. அது மேலே பூசிய சாயம். சுற்றிலும் கறுக்கக் கறுக்க அது வெளுத்துக்கொண்டே வருவதுபோல இருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். செத்த ஹைப்போ, ஜன்னல் வெளிச்சம். வேறொன்றும் இல்லை. தெரிந்தும் முன்னறையில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

ஸ்டேஷனிலும் இதே கதைதான் நடந்தது. போலீஸ்காரர் ஒருநாள் வெயிலில் வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். சுவரில் வெயில் படும் இடத்தில் ஒட்டியிருந்தார்களாம். முகம் இருந்த இடத்தில் ஒரு கறை இருந்தது.

"படத்திலும் சீஞ்ஞு துடங்ஙியல்லோ" என்றார். படத்திலும் அழுக ஆரம்பித்துவிட்டதாம். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வேறு போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பிளேட் மேலிடத்துக்குப் போய்விட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் கயிற்றில் தொங்கியதைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் கேட்டார்.

அடுத்த வீட்டுக்காரி ஒருநாள் காலை தீ எடுக்க வந்தாள். அவள் வீட்டில் தீப்பெட்டி தீர்ந்திருந்தது. சிரட்டையோடு முன்னறை வழியாக அடுக்களைக்கு வந்தாள். வழியில் காலடி நின்றது. நான் அடுக்களையிலிருந்து கூப்பிட்டேன். போய்ப் பார்த்தால் ஜன்னல் முன்னால் நிற்கிறாள். சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.

"யக்கா, இவரு எப்ப இஞ்ச வந்தாரு?"

பார்த்தேன். அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. சொன்னபிறகு வேறொன்றும் தெரியவில்லை. தையல்காரர். மெஷினிலிருந்து தலை தூக்கி, வாசலைத் தாண்டி, என் கணவரைக் கேலி செய்யப் போகிற பார்வை.

"மக்கா, அது ஆத்துல கெடந்தவன். ஒனக்கு காட்டினாரே, அதே படமாக்கும்."

"அதுல இவரு இல்ல. இதுல உண்டு."

"கண்ணு எங்க வீட்டுக்காரரு வரஞ்சது."

"வரஞ்சா எப்படி அவரு கண்ணு வரும்?"

தீக்கங்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

என் கணவர் வந்ததும் கேட்டேன். "ஆரு கண்ண வரஞ்சிய?"

"ஆரு கண்ணு? கண்ணு கண்ணுதான்."

ஜன்னலருகே போனார். அங்கேயே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து அடுத்த கடை மெஷினைப் பார்த்தார். "எனக்கு வேற ஆரு கண்ணு தெரியும்? எந்நேரமும் மின்னால இரிந்தது அவன்தானே" என்றார். பிறகு இளைப்பு வந்துவிட்டது. முதுகைத் தடவினேன்.

அதையும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தினம் வந்தாள். வேலை ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாள். ஜன்னலடியில் நிற்பாள். போவாள். ஒருநாள் அவள் அந்தப் படத்திடம் ஏதோ பேசினாள். அரிசி விலையோ என்னவோ, வீட்டுப் பேச்சு. நான் அடுக்களையில் சத்தம் காட்டாமல் இருந்தேன்.

அவள் அண்ணன் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நடந்தே வந்தார். ரோடு அடைத்திருந்தது. அவளை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். எங்கள் முன்னறையில் படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"இது மச்சினனாக்கும்."

"கண்ணு மட்டும் வரஞ்சதாக்கும்" என்றார் என் கணவர்.

"நெற்றிய பாரும். மூக்க பாரும். என்ன கூடுதல் வேணும்?" அவளிடம் திரும்பினார். "எட்டீ மக்கா, செத்தவனுக்கு செய்யவேண்டியத செய்யாண்டாமா? ஸ்டேஷன்ல போய் இவன்தாண்ணு கையெழுத்து போடுவோம். பொதச்ச எடத்த காட்டுவாவ. சடங்க முடிச்சிட்டு வீட்டுக்கு வா. இஞ்ச இரிந்து ஒரு கறுத்த கடுதாசிய நோக்கிக்கிட்டு எத்தன நாளு இரிப்ப?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாறேன். அதுக்குள்ள மனச தேத்திக்கோ" என்றார். போகும்போது அவள் நெற்றியைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. செத்தவர் செத்தவராகவும் இருப்பவள் இருப்பவளாகவும் ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டால் அவள் குங்குமத்தை அழிப்பாள், தாலியைக் கழற்றுவாள். அதன்பிறகு அவர் வாசலில் வந்து நின்றாலும் அழித்தது அழித்ததுதான். போடாவிட்டால், புதைத்த இடத்தில் ஒரு பிடி அரிசிகூடப் போடாத பாவம். இரண்டில் எது என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு காகிதம்தான் இருந்தது. அதுவும் நாளுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரமே பஸ் ஓடத் தொடங்கியது. ஹைப்போ பார்சல் வந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள்.

"இது அந்த மருந்தா?"

"ஆமா."

"இதுல போட்டா படம் நிக்குமா?"

"இனி கறுக்காது. ஆனா இப்ப இருக்குதது அப்படியே நிக்கும்ணு நான் சொல்ல மாட்டேன். கறுத்ததுல பாதி போனாலும் போவும். சாயம் நனஞ்சா கண்ணு போவும்."

யோசித்தாள்.

"போடாட்டா?"

"கொஞ்சநாள்ல ஒண்ணும் இரிக்காது."

"அப்போ போடுங்க யக்கா. நிண்ணா அண்ணன்கூட போய் கையெழுத்து போடுதேன். பொட்டையும் அழிச்சிருதேன்."

நிற்காவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளிச்சத்திலேயே செய்யக்கூடிய வேலைதான் அது. அவள் உள்ளே வைத்துச் செய்யச் சொன்னாள். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்றாள். கயிற்றிலிருந்து படத்தை அவளே எடுத்தாள். நான் சட்டியில் தண்ணீர் ஊற்றி ஹைப்போவைப் போட்டுக் கலக்கினேன். சட்டி வியர்த்தது. தட்டில் ஊற்றினேன். கதவைச் சாத்தினேன்.

சிவப்பு விளக்கில் திரும்பி அவளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நெற்றியில் பொட்டு இல்லை. வெறும் நெற்றி.

அது விளக்கின் வேலை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. எத்தனையோ வருஷம் அந்த அறையில் நின்றவள் நான். ஆனால் குங்குமம் வைத்த ஒரு பெண் அதற்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஆட்கள் பொட்டு வைப்பதில்லை.

"என்ன யக்கா?"

"ஒண்ணும் இல்ல."

அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "யக்கோ, இப்பமே மாறிட்டுதே!" படத்தின் கறையிலும் சிவப்பு கலந்திருந்தது. அதுவும் அந்த வெளிச்சத்தில் பாதி மறைந்திருந்தது.

"அது வெளக்கு. பதறாத. இன்னும் தொடங்கவே இல்ல."

துண்டைப் போட்டேன். வாய்விட்டே ஜெபம் சொன்னேன். அவளும் கூடவே உதட்டை அசைத்தாள். அவளுக்கு அது தெரியாது, சும்மா அசைத்தாள். "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்று வருவதற்குள் துண்டு தெளிந்தது. அதன் வழியாக விளக்கு தெரிந்தது.

"நல்ல மருந்து" என்றேன். "இனி போடு."

அவள் படத்தை முகம் மேலாகத் தண்ணீரில் விட்டாள். நான் தட்டை மெல்ல ஆட்டினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணின் ஓரத்திலிருந்து வெள்ளை கரைந்து புகை மாதிரி மேலே வந்தது. அடுத்து கறுப்பு வந்தது. தட்டை ஆட்டும் பக்கமெல்லாம் அது போயிற்று. அந்தப் பார்வை கொஞ்சநேரம் தண்ணீரில் மிதந்து, இழுபட்டு, கலைந்தது. அதன் அடியில் இமை இரண்டும் மூடியிருந்தன.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடியது. அப்படித்தான் இருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஹைப்போவில் நனைந்திருந்தது. அந்தக் குளிர்ச்சி ரவிக்கைக்குள் இறங்கியது.

"கதவ தொறக்கட்டா?"

"கொஞ்சம் நில்லுங்க."

நின்றோம். வெளியே பஸ் போனது. தட்டில் தண்ணீர் நடுங்கியது.

"தொறங்க" என்றாள்.

திறந்தேன். வெயில் பலகை வரை வந்தது. தட்டைப் பார்க்கும் முன் அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். பொட்டு இருந்தது. வேர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது.

படத்தில் ஊதாக்கறை போய் ஒரு மஞ்சள் மிஞ்சியிருந்தது. வீங்கிய கன்னம் திரும்ப வந்திருந்தது. உதடு வந்திருந்தது. ஆற்றில் கிடந்தவன், கண்ணை மூடிக்கொண்டு.

இந்தத் தடவை அவள் பார்த்தாள். தட்டின்மேல் குனிந்து பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், தாடையை விரலால் தொட்டுப் பார்த்தாள். துணியில் அளவு எடுக்கிறவர்கள் பார்ப்பதுபோல.

"இது அவரு இல்ல" என்றாள்.

முன்பு சொன்ன அதே வார்த்தை. குரல் வேறு.

எனக்கு எப்படித் தோன்றியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை. அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த வீக்கத்துக்கு அடியில் யார் என்று நான் இன்றுவரை அறியேன்.

அவள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். வீட்டுக்குள் போய்ப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கழுவிக் காய்ந்த படத்தை அவள் அவர் கையில் கொடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணைக்கு கண்டது இது இல்லியே."

"இதுதான் அண்ணா. அண்ணைக்கு நாம கண்டதுதான் இது இல்ல."

"நான் கண்ணால கண்டேன் பிள்ளே."

"நானும்தான் கண்டேன்."

அவர் என் கணவரைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏதோ வித்தை காட்டி மாற்றிவிட்டோம் என்று நினைத்திருக்கலாம். சாயா குடித்தார். அவளை மறுபடியும் கூப்பிட்டார். அவள் வரவில்லை என்றாள். தனியாகத் திரும்பிப் போனார்.

அன்று மத்தியானம் அவள் எங்கள் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு படம் எடுக்கணும்" என்றாள்.

என் கணவர் கறுப்புத் துணியை எடுத்தார். "திடீர்ண்ணு என்ன?"

"அவரு வந்தா காட்டணும். வாறதுக்கு நாளு பிடிச்சா நான் கெழவி ஆயிருவேன் அல்லியா? அப்பம் இப்படித்தான் இரிந்தேன்ணு காட்டாண்டாமா?"

"சிரி பிள்ளே கொஞ்சம்."

"சிரிச்சா பொட்டு கோணும். எடுங்க."

எடுத்தார். நான் உள்ளே போகும்போது அவளும் எழுந்து வந்தாள்.

"யக்கா, மருந்து?"

"அதே மருந்துதான். ஒரு ஜெபத்துல தெளியுது."

"நான் பாக்கணும்."

துண்டை அவளே போட்டாள். நான் ஜெபம் சொன்னேன். தெளிந்தது. பிறகுதான் பிளேட்டை விட அனுமதித்தாள்.

பிறகு எல்லைக்கோடு போட்டார்கள். தெற்கே உள்ளவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போனார்கள். நாங்கள் கேரளப் பக்கத்திலேயே நின்றோம். தையல்காரர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவள் மெஷினில் நின்ற துணியை முடித்தாள். பிறகு கடையை அவளே நடத்தினாள். கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் ஆகும்வரை நடத்தினாள். செத்த அன்றும் பொட்டு இருந்தது. கூடி நின்ற பெண்கள் என்ன செய்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் இருக்கட்டும் என்றேன். இருந்தது.

இரண்டு படமும் ஒரே தகரப் பெட்டியில் என்னிடம் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பூச்சி தட்டி வைப்பேன். அவள் படத்தில் ஒரு கறை இல்லை. பொட்டு கறுப்பாக, வட்டமாக, விழுந்தபடியே நிற்கிறது. மற்றவனும் அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கிறான். அதற்குமேல் கறுக்கவில்லை, வெளுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். அவனைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.